டாங் குவாய் சூப்பும் வார்ஃபரின் மாத்திரையும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 72. சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு பழுதாகி, பிற்பாடு அறுவை சிகிச்சை செய்து உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரைதான். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். எண் எப்போதும் 3-ஐ ஒட்டியே இருக்கும். போன வாரம் 4.7 என்று வந்துவிட்டது. கையில் காரணமே இல்லாமல் நீலத் திட்டுகள், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். கிளினிக்கில் மாத்திரை அளவைக் குறைத்தார்கள். "மூலிகை, நாட்டு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டதற்கு அம்மா இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது: பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி இரண்டு மாதமாக, வாரம் மூன்று முறை, டாங் குவாய் வேரும் கோஜியும் போட்ட கோழி சூப் கொண்டுவந்து கொடுக்கிறார். முழங்கால் வலிக்கும் உடல் சோர்வுக்கும் நல்லதாம். "அது சாப்பாடு, மருந்து இல்லை" என்கிறார் அம்மா. இந்த வேர்தான் காரணமா? உடனே நிறுத்திவிடலாமா, கொஞ்சமாகக் கொடுக்கலாமா? சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லாத புது மாத்திரைக்கு மாற்ற முடியாதா? ஆண்ட்டி மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? எனக்கு 49 வயது. திடீர் திடீரென்று உடம்பெல்லாம் சூடு பரவி வியர்க்கிறது. அதே வேரின் கேப்ஸ்யூலை எனக்கும் வாங்கி வைத்திருக்கிறார். நான் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, கிள்ளான்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

இந்தப் பதிலைப் படித்த உடனே கிளினிக்கைக் கூப்பிடுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். "அம்மா இரண்டு மாதமாக டாங் குவாய் சூப் குடித்திருக்கிறார், போன வாரம் நீங்கள் கேட்டபோது சொல்ல விட்டுப்போயிற்று, இப்போது நிறுத்துகிறோம்" என்று சொன்னால் போதும். யாரும் திட்ட மாட்டார்கள். அடுத்த ரத்தப் பரிசோதனையை முன்னுக்குக் கொண்டுவரச் சொல்வார்கள்.

நான் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறேன் என்று விளக்குகிறேன். அம்மா சூப் குடித்துக்கொண்டிருந்த நிலையில் எடுத்த ரத்தத்தைப் பார்த்துத்தான் கிளினிக்கில் வார்ஃபரின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். அந்தக் குறைந்த அளவு, சூப்பையும் சேர்த்துப் போட்ட கணக்கு. சூப் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. இப்போது நீங்கள் வீட்டுக்குள்ளேயே முடிவெடுத்துச் சத்தமில்லாமல் சூப்பை நிறுத்திவிட்டால், மாத்திரையும் குறைவு, வேரும் இல்லை என்று ஆகிவிடும். ஐ.என்.ஆர். சரசரவென்று கீழே போகலாம். மைட்ரல் இடத்தில் உலோக வால்வு இருப்பவர்களுக்குப் பொதுவாக 2.5 முதல் 3.5 வரை வைத்திருப்பார்கள். அதற்குக் கீழே இறங்கினால் வால்வின் மேல் ரத்தம் கட்டியாகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். எண் மேலே போனால் ரத்தம் கசிகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, பயப்படுகிறோம். கீழே போவது எதுவும் தெரியாமல் நடக்கும். எனக்கு அதுதான் அதிகக் கவலை.

எனவே இரண்டும் ஒரே நாளில் நடக்கட்டும்: சூப்பை நிறுத்துவது, கிளினிக்குக்குச் சொல்வது. மாத்திரை அளவை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அவர்கள் புதிய எண்ணைப் பார்த்துச் சொல்லட்டும். அரசாங்க மருத்துவமனை என்றால் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கென்றே மருந்தாளுநர்கள் நடத்தும் தனிக் கிளினிக் பல இடங்களில் உண்டு. அங்கே இந்த மாதிரிக் கதை தினசரி வருவதுதான்.

இதற்கிடையில் அம்மாவுக்கு மலம் கறுப்பாகத் தார் மாதிரிப் போனாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்து பத்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ, வழக்கமில்லாத கடுமையான தலைவலி வந்தாலோ அப்பாயிண்ட்மெண்டுக்காகக் காத்திருக்காதீர்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டால், வெளியே காயமே தெரியாவிட்டாலும், அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது இவற்றில் எது தெரிந்தாலும் 999.

சரி, இனி வேருக்கு வருவோம்.

டாங் குவாய் சீன மருத்துவத்தில் மிகப் பழைய, மிக மதிக்கப்பட்ட வேர்களில் ஒன்று. தாவரப் பெயர் ஏஞ்செலிகா சைனென்சிஸ். நம் வீட்டுக் கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், கேரட் எல்லாம் சேர்ந்த அதே குடும்பம். அதனால்தான் அந்தக் காய்ந்த துண்டை முகர்ந்தால் செலரிக் கீரையின் வாசம் தூக்கலாக அடிக்கும். சீனாவின் வடமேற்கே கான்சு மாநிலத்தில் மின் மாவட்டம் என்று ஒரு மலைப்பகுதி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல், குளிரும் ஈரமும் உள்ள இடம். நல்ல டாங் குவாய் என்றால் அந்த ஊர்ச் சரக்கைத்தான் சீன மருந்துக் கடைக்காரர்கள் சொல்வார்கள். நாற்று விட்டு, மறு வருடம் பிடுங்கி நட்டு, இலையுதிர் காலத்தில் தோண்டுகிறார்கள். செடி முந்திக்கொண்டு பூத்துவிட்டால் வேர் கட்டைபோல் ஆகிவிடும், மருந்துக்கு ஆகாது. தோண்டிய வேரைக் கட்டுக் கட்டாகக் கட்டி, மெல்லிய விறகுப் புகையில் வாட்டிக் காயவைப்பது அங்கே பழைய முறை.

இந்த வேரைச் சூப்பில் போடுவதும் நேற்று வந்த பழக்கம் இல்லை. சுமார் 1800 வருடங்களுக்கு முன், ஹான் அரசு முடியும் காலத்தில் வாழ்ந்த சாங் சோங்ஜிங் என்ற மருத்துவர், பிரசவத்துக்குப் பிறகு வரும் வயிற்று வலிக்கு டாங் குவாய், இஞ்சி, ஆட்டிறைச்சி மூன்றையும் சேர்த்துக் காய்ச்சச் சொல்லியிருக்கிறார். சோங் அரசு காலத்திலிருந்து பெண்களுக்கான மருந்துகளில் முதலிடத்தில் இருக்கும் நான்கு சரக்குக் கஷாயத்திலும் இது ஒரு முக்கியச் சரக்கு. நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து கிளறிக் கொடுக்கும் அதே அக்கறையோடுதான் ஆண்ட்டியின் சமையலறையில் இந்தச் சூப் கொதிக்கிறது. அதனால் அம்மா அதைச் சாப்பாடு என்று சொன்னதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. உங்கள் ஊர் பக் குட் தே குழம்பிலும் பெரும்பாலும் இந்த வேர் உண்டு. சாப்பாடுதான். ஆனால் அதே வேருக்குச் சீன அரசின் மருந்து நூல் ஒரு நாளைக்கு 6 முதல் 12 கிராம் என்று மருந்தளவும் குறித்து வைத்திருக்கிறது. ஒரு பானை சூப்பில் ஐந்தாறு துண்டு போட்டாலே அந்தக் கணக்கை எளிதாக எட்டிவிடலாம்.

இந்த வேர்தான் காரணமா என்ற கேள்விக்கு என் பதில்: பெரும்பாலும் ஆம், ஆனால் தனியாக இல்லை.

1999-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு நோயாளியின் கதை வெளியானது. 46 வயதுப் பெண். இதயத் துடிப்புச் சீராக இல்லாததால் வார்ஃபரின் சாப்பிட்டு வந்தவர். ஐ.என்.ஆர். 2.3 என்று நிலையாக இருந்தது. திடீரென்று 4.9. வேறு மருந்து மாற்றம் இல்லை, உணவு மாற்றம் இல்லை. துருவிக் கேட்டபோது, நான்கு வாரமாக மாதவிடாய் நிற்கும் காலத்துத் தொல்லைக்கு டாங் குவாய் மாத்திரை சாப்பிடுவதாகச் சொன்னார். 565 மில்லிகிராம் மாத்திரை, நாளுக்கு ஒன்றோ இரண்டோ. நிறுத்திய பிறகு ஐ.என்.ஆர். பழைய நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் பிடித்தது. உங்கள் அம்மாவின் கதையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள். எண் ஏறிய விதம், சொல்லாமல் விட்டது, எல்லாமே. திரும்பி வர ஒரு மாதம் ஆனதையும் கவனியுங்கள். சூப்பை நிறுத்தி மூன்றாம் நாளே எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதனால் சில வாரங்களுக்கு அடிக்கடி பரிசோதனை இருக்கும். அலுத்துக்கொள்ளாமல் கூட்டிப் போங்கள்.

எப்படி இது நடக்கிறது? வார்ஃபரின், கல்லீரலில் வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, ரத்தத்தை உறையவைக்கும் சில புரதங்கள் உருவாவதைக் குறைக்கிறது. டாங் குவாயில் இருக்கும் ஃபெருலிக் அமிலம் போன்ற பொருள்கள், ரத்தத்தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைக் குறைப்பதாக ஆய்வுக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். முயல்களை வைத்துச் செய்த ஒரு பரிசோதனையில், வார்ஃபரினோடு டாங் குவாயும் கொடுத்தபோது ரத்தத்தில் வார்ஃபரினின் அளவு கூடவே இல்லை. ஆனாலும் உறைய எடுக்கும் நேரம் நீண்டது. அதாவது மாத்திரையை உடம்பில் தேங்க வைக்காமல், வேர் தன் பங்குக்குத் தனியாக வேலை பார்க்கிறது.

டாங் குவாயில் குமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது, வார்ஃபரினும் குமரின் வகை, அதனால்தான் இப்படி என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அது முழுக்கச் சரியில்லை. 1920-களில் வட அமெரிக்காவில் இனிப்புக் குளோவர் என்ற தீவனப்புல் கெட்டுப்போய், அதைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. நல்ல புல்லைத் தின்ற மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. புல்லில் இயற்கையாக இருந்த குமரினைப் பூஞ்சைதான் வேறு ஒரு பொருளாக மாற்றி, அதை ரத்தம் உறையாமல் செய்யும் நஞ்சாக்கியது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க்கும் அவர் குழுவும் அதைப் பிரித்தெடுத்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின். முதலில் 1948-இல் எலி மருந்தாக வந்தது, 1954-இல் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. ஆக, செடியில் குமரின் இருப்பதாலேயே ரத்தம் இளகிவிடாது. டாங் குவாய் விஷயத்தில் நம்மைக் கவலைப்பட வைப்பது நோயாளிகளிடம் நேரில் கண்டது.

இனி, "தனியாக இல்லை" என்று ஏன் சொன்னேன்? உங்கள் கடிதத்திலேயே இன்னொரு பெயர் இருக்கிறது: கோஜி. அந்தச் சிவப்பு உலர்பழம். அதைக் காய்ச்சிக் குடித்த 61 வயதுப் பெண்ணுக்கு வார்ஃபரினோடு சேர்ந்து ஐ.என்.ஆர். 4.1-க்கு ஏறியதாக 2001-இல் ஒரு பதிவு உண்டு. சூப் பாக்கெட்டில் டான் ஷென் என்ற செவ்வேர் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். 1990-களில் ஹாங்காங் மருத்துவர்கள் டான் ஷென் சாப்பிட்ட வார்ஃபரின் நோயாளிகளுக்கு ஆபத்தான ரத்தப்போக்கு வந்ததைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஜின்செங் இருந்தாலோ நேர் எதிர்: அமெரிக்க ஜின்செங் வார்ஃபரினின் வேகத்தைக் குறைத்ததை 2004-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதிமதுரத்தின் சீனத்துச் சகோதரியும் நிறையக் கலவைகளில் சேரும். அதைத் தொடர்ந்து சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். இதய நோயாளிக்கு அதுவும் நல்லதில்லை. மருந்துக் கடையில் எட்டுச் சரக்கு, பத்துச் சரக்கு என்று பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பதில் ஒன்று ஏற்றும், இன்னொன்று இறக்கும். ஆண்ட்டி இந்த வாரம் ஒரு பொட்டலம், அடுத்த வாரம் வேறு பொட்டலம் என்று போட்டால் எந்த மருந்தாளுநராலும் கணக்குப் போட முடியாது. காலிப் பொட்டலம் குப்பையில் கிடந்தால் எடுத்து வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டு போங்கள். உறை இல்லை என்றால் வேரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவிடம் இன்னும் சிலவற்றைப் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலி என்கிறீர்கள். காலுக்கு என்ன தைலம் தேய்க்கிறார்? நம் வீடுகளில் அலமாரி நிறைய இருக்கும் வலித் தைலங்கள் பலவற்றில் மீத்தைல் சாலிசிலேட் உண்டு. ஆஸ்பிரினுக்கு உறவு. காலையும் மாலையும் இரண்டு முழங்காலுக்கும் தாராளமாகத் தேய்த்தால் தோல் வழியாக உள்ளே போய் ஐ.என்.ஆரை ஏற்றும். இது நிறையப் பேருக்குத் தெரியாது, கிளினிக்கில் கேட்கும்போது யாரும் தைலத்தை மருந்தாக நினைத்துச் சொல்வதும் இல்லை. வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கினாரா? டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபெனாமிக் ஆசிட் எதுவும் கூடாது. பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் தினமும் முழு அளவில் பல நாள் சாப்பிட்டால் அதுவும் எண்ணை ஏற்றும், அதனால் கணக்கில் சேருங்கள். சமீபத்தில் காய்ச்சல் வந்து ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா? சாப்பாடு குறைந்ததா? வழக்கமாகச் சாப்பிடும் கீரையை நிறுத்தினாரா? முருங்கைக் கீரையிலும் மற்ற கரும்பச்சைக் கீரைகளிலும் வைட்டமின் கே நிறைய. திடீரென்று நிறுத்தினால் ஐ.என்.ஆர். ஏறும், திடீரென்று தினமும் தின்றால் இறங்கும். வாரத்துக்கு இவ்வளவு என்று ஒரே மாதிரிச் சாப்பிட்டால் கீரையை ஒதுக்க வேண்டிய அவசியமே இல்லை. பூண்டு கேப்ஸ்யூல், மஞ்சள் கேப்ஸ்யூல், மீன் எண்ணெய் எது இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள். சமையலில் போடும் பூண்டையும் மஞ்சளையும் பற்றிக் கவலை வேண்டாம்.

இவற்றில் இரண்டு மூன்று ஒரே சமயத்தில் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாப் பழியையும் சூப்பின் மேல் போட்டுவிட்டு, தைலத்தை அப்படியே விட்டுவிட்டால் அடுத்த மாதம் மறுபடி இதே நிலைதான்.

கொஞ்சமாகக் கொடுக்கலாமா என்றால், அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். மூலிகை என்பதற்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு துண்டு வேரிலும் சத்து ஒரே அளவில் இருக்காது. எந்த ஊரில் விளைந்தது, எவ்வளவு நேரம் கொதித்தது, அம்மா சாறு மட்டும் குடித்தாரா, அடியில் கிடந்த துண்டையும் மென்றாரா என்று எல்லாமே மாறும். வேரின் தலைப்பகுதிக்கு ஒரு குணம், நடுவுக்கு ஒரு குணம், வாலுக்கு ஒரு குணம் என்று சீன மருத்துவர்களே பிரித்துச் சொல்வார்கள். வார்ஃபரினோ அரை மில்லிகிராம் வித்தியாசத்துக்கே எண்ணை மாற்றும் மருந்து. கல்யாண வீட்டில் தெரியாமல் இரண்டு கரண்டி மூலிகை சூப் குடித்துவிட்டால் பதற வேண்டியதில்லை. கிளினிக்கில் சொல்லுங்கள், போதும். வீட்டில் வழக்கமாகக் கொடுப்பது மட்டும் கூடாது.

புது மாத்திரைக்கு மாற்றும் கேள்வியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்: உலோக வால்வு இருப்பவர்களுக்கு முடியாது. டபிகட்ரான் என்ற மாத்திரையை உலோக வால்வுக்காரர்களிடம் சோதித்த ஆய்வில், ரத்தக் கட்டியும் ரத்தப்போக்கும் வார்ஃபரினைவிட அதிகமாக வந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2013-இல் அதன் முடிவுகள் வெளியாயின. அபிக்ஸபானை வைத்துச் செய்த ஆய்வையும் 2022-இல் அதே மாதிரி இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. வேறு காரணத்துக்காக ரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள் உங்களுக்குத் தெரிந்து மாறியிருப்பார்கள். அவர்கள் நிலை வேறு. அம்மாவுக்கு வார்ஃபரின்தான் பாதுகாப்பு.

ஆண்ட்டியிடம் பேசுவதைப் பற்றி நீங்கள் கேட்டதுதான் இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. வாரம் மூன்று முறை சூப் கொதிக்கவைத்து, சூடு ஆறாமல் எடுத்து வந்து ஒரு வயதானவருக்குக் கொடுக்கும் அக்கம்பக்கம் எல்லோருக்கும் வாய்க்காது. "உங்கள் சூப்பால்தான் அம்மாவுக்கு ரத்தம் வந்தது" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அவருடைய மருத்துவம் சொல்வதையே எடுத்துச் சொல்லுங்கள். டாங் குவாய் ரத்தத்தை ஊட்டும், அதோடு ரத்தத்தை ஓடவும் வைக்கும் என்பதுதான் சீன மருத்துவத்தின் கணிப்பு. ஆண்ட்டிக்கும் அது தெரிந்திருக்கும். "அம்மா நெஞ்சில் இரும்பு வால்வு இருக்கிறது ஆண்ட்டி, அதற்காக டாக்டர் ஏற்கெனவே ரத்தத்தை ஓடவைக்கும் மருந்து கொடுக்கிறார், இதுவும் சேர்ந்தால் ஓட்டம் அதிகமாகிவிடுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். பட்டென்று புரிந்துகொள்வார். அனுபவமுள்ள எந்தச் சின்சேயும், அதாவது சீன மருத்துவரும், ரத்தக் கசிவு இருக்கிறது, வார்ஃபரின் எடுக்கிறார் என்று தெரிந்தால் இந்த வேரை எழுதிக் கொடுக்க மாட்டார்.

அப்புறம், சூப்பையே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். தாமரைக் கிழங்கும் நிலக்கடலையும் போட்டுக் காய்ச்சும் சூப், கேரட்டும் சோளமும் போட்ட கோழி சூப், இஞ்சி, நாலைந்து சிவப்பு டேட்ஸ் என்று ஆண்ட்டிக்குத் தெரிந்ததே நிறைய இருக்கும். மருந்துக் கடை வேர் எதுவும் இல்லாமல் மார்க்கெட் காய்கறியில் செய்தால் அம்மா நிம்மதியாகக் குடிக்கலாம். என்னென்ன போடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: டாங் குவாய், டான் ஷென், சுவான் சியோங் என்ற இன்னொரு மருந்து வேர், ஜின்செங், கோஜி. ஆண்ட்டிக்குச் சீனம் வாசிக்க எளிது என்றால் அவர் பிள்ளைகள் யாரையாவது சீனத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். அம்மாவிடமும் ஒரு வார்த்தை: கிளினிக்கில் அடுத்த முறை "மருந்து சாப்பிடுகிறீர்களா" என்று கேட்டால், மருந்து, சாப்பாடு, தைலம் மூன்றையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே கூடப் போங்கள்.

கடைசியாக உங்கள் விஷயம். நீங்கள் வார்ஃபரினோ ஆஸ்பிரினோ எடுக்கவில்லை என்றால், உங்கள் அம்மாவுக்கு உள்ள அளவு ஆபத்து உங்களுக்கு இல்லை. ஆனால் பலன் இருக்குமா என்றால், நான் வாங்கச் சொல்ல மாட்டேன். ஐரோப்பாவில்கூட இதற்குப் பழைய மவுசு உண்டு. 1899-இலேயே ஜெர்மனியின் மெர்க் நிறுவனம் இந்த வேரின் சாற்றை மாதவிடாய்க் கோளாறுகளுக்கு விற்றது. முறையாகச் சோதித்துப் பார்த்தது வெகுகாலம் கழித்துத்தான். 1997-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மாதவிடாய் நின்ற 71 பெண்களில் ஒரு பகுதிக்கு 24 வாரம் தினமும் 4.5 கிராம் டாங் குவாயும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத போலி கேப்ஸ்யூலும் கொடுத்தார்கள். சூடு பரவும் தொல்லை இரு தரப்பிலும் ஒன்றுபோலவே இருந்தது. சீன மருத்துவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள்: எங்கள் முறையில் இந்த வேரைத் தனியாகக் கொடுப்பதே இல்லை, கலவையில்தான் கொடுப்போம் என்று. நியாயமான மறுப்பு. ஆனால் ஆண்ட்டி உங்களுக்கு வாங்கி வைத்திருப்பதும் வேர் மட்டும் அடைத்த கேப்ஸ்யூல்தானே.

49 வயதில் மாதவிடாய் தாறுமாறாக வருவதும், சில மாதம் அளவுக்கு மீறிப் போவதும் சகஜம். அந்த மாதங்களில் இந்த வேர் ரத்தப்போக்கை இன்னும் கூட்டலாம். ஆய்வுக்கூடத்தில் மார்பகப் புற்றுநோய்ச் செல்களை இது வளரத் தூண்டியதையும் பார்த்திருக்கிறார்கள். அதனால் மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தொடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கும் கூடாது. பல் பிடுங்குவது, அறுவை சிகிச்சை என்று ஏதாவது இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்தியாக வேண்டும். சூடு பரவித் தூக்கம் கெடுகிறது என்றால் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். ஹார்மோன் சிகிச்சையும் இருக்கிறது, ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன. உங்கள் உடல்நிலையைப் பார்த்து எது பொருந்தும் என்று சொல்வார். மாதவிடாய் நின்று முழுசாக ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் தென்பட்டாலும் அதைத் தள்ளிப்போடாமல் காட்டிவிட வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆண்ட்டி வாங்கிய அந்தப் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் மாத்திரையாகவோ கேப்ஸ்யூலாகவோ விற்கும் பாரம்பரிய மருந்துக்கு எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கி, எண்களுக்குப் பின் T என்ற ஆங்கில எழுத்து வரும் பதிவு எண் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது, எவருமே சாப்பிட வேண்டாம். எண் இருந்தாலும், அம்மாவின் மாத்திரைகள் இருக்கும் அதே அலமாரியில் அதை வைக்காதீர்கள்.